உஸ்குதாரின் மேகத் தாள்கள்



உம்ராவை நிறைவேற்றித் திரும்பும் வழியில் இஸ்தான்பூல் நகரில் இரண்டு மூன்று நாட்கள் தங்கி வருவது நம் மக்களிடையே இப்போது வழக்கமாகி வருகிறது. அவ்வாறு சென்று வந்தவர்களிடம் என்னென்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். 2020ஆம் ஆண்டில் மீண்டும் தொழுகைக்குத் திறக்கப்பட்ட அயா சோஃபியா, சுல்தான் அஹ்மத் பள்ளிவாசல், தோப்காப்பி அரண்மனையின் புனிதச் சின்னங்கள், அபூ அய்யூப் அல் அன்சாரி (ரலி) அவர்களின் அடக்கத்தலம் என்று வரிசையாகச் சொல்வார்கள். அனைத்தும் காண வேண்டியவையே. எனினும் இக்கட்டுரையில் நான் உங்களை அழைத்துச் செல்ல விரும்புவது ஒரு தாள் பிறக்கும் இடத்திற்கு. பின்பு அந்தத் தாளும் அதன் உறவினர்களும் போய்ச் சேர்ந்த இடங்களுக்கு.

எமினோனூ துறையில் படகேறினால் இருபது நிமிடங்களுக்குள் ஆசியக் கரையில் உள்ள உஸ்குதாரில் இறங்கிவிடலாம். கரையிலேயே, கட்டடக் கலைஞர் சினான் எழுப்பிய மிஹ்ரிமா சுல்தான் பள்ளிவாசல் நம்மை வரவேற்கிறது. உதுமானியப் பேரரசர்கள் ஹரமைன் ஷரீஃபைனுக்கு ஆண்டுதோறும் அனுப்பிய காணிக்கைகளைச் சுமந்த 'சுர்ரா' ஊர்வலம் கடலைக் கடந்து இங்கு வந்துதான் தன் நெடும்பயணத்தைத் தொடங்கிற்று. இங்கிருந்து கஃபா வரைக்கும் இடையில் கடல் இல்லை; எனவே உஸ்குதாரின் மண்ணை 'கஃபாவின் மண்' என்றே அக்காலத்தவர் அழைத்தனர். இதைக் கேட்ட பின்பு அவ்வூரின் தெருக்களில் செருப்புச் சத்தம் எழ நடப்பதற்கே ஒரு தயக்கம் உண்டாகிறது.

துறையிலிருந்து மேட்டுப் பக்கமாகச் செல்லும் ஒரு குறுந்தெருவில் நாங்கள் தேடி வந்த பயிற்சிக்கூடம் இருந்தது. வாயிலில் பெயர்ப்பலகை இல்லை. உலரவிட்ட தாள்கள் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தன. ஆசிரியை அறுபது வயதைத் தாண்டிய பெண்மணி. மாணவியர் அவரை 'ஹோஜா ஹனிம்' என்று மரியாதையாக அழைத்தனர். எங்களுக்குத் துருக்கி மொழி தெரியாது; அவருக்கு நம் மொழி தெரியாது. இமாம் பயிற்சிப் பள்ளியில் பயிலும் அவருடைய பேரன் அரபியில் எடுத்துச் சொல்ல, அல்ஹம்துலில்லாஹ், உரையாடல் தடையின்றி நடந்தது.

அங்கே செய்யப்படும் கலைக்கு 'எப்ரு' என்று பெயர். பாரசீகத்தில் 'அப்ர்' என்றால் மேகம். மேகம் போன்ற தாள் என்பது பொருள். தண்ணீரின் மேல் வண்ணத்தை மிதக்கவிட்டு, அதைத் தாளில் ஒற்றி எடுக்கும் கலை இது. 2014ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. பழைய கிதாபுகளின் அட்டையைத் திறந்தவுடன், உட்புறத்தில் சலவைக்கல்லின் ரேகைகளைப் போல நெளிந்தோடும் வண்ணத் தாள் ஒட்டப்பட்டிருப்பதை உங்களில் சிலர் கண்டிருக்கலாம். அதுவே எப்ரு.

அந்த அம்மையார் வேலையைத் தொடங்கியதை அருகிலிருந்து பார்த்தேன். உதட்டில் பிஸ்மில்லாஹ். முன்னால் ஆழமற்ற ஒரு தகரத் தட்டு. அதற்கு 'தெக்னே' என்று பெயர். அச்சொல்லுக்குப் படகு என்றும் பொருள் உண்டு. தட்டில் இருப்பது வெறும் தண்ணீரன்று. அனத்தோலியப் பீடபூமியில் வளரும் ஒரு முட்செடியின் பிசினை ஊறவைத்து, துணியில் வடிகட்டி, கூழ் போன்ற பதத்தில் ஊற்றி வைத்திருக்கிறார்கள். அரபு மருத்துவ நூல்கள் 'கஸீரா' என்று சொல்லும் பிசின் அது. தூரிகை குதிரை வாலின் முடியால் ஆனது. காம்பு ரோஜாக் கிளை. ரோஜாக் கிளையே வேண்டும், ஏனென்றால் எப்போதும் நனைந்திருந்தாலும் அது எளிதில் பூஞ்சை பிடிப்பதில்லை என்றார். வண்ணங்கள் மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் கிடைப்பவை. சலவைக்கல் பலகையில் குழவியால் மணிக்கணக்கில் அரைக்கப்படுபவை. நீல வண்ணத்தின் பெயரைக் கேட்டபோது என் காதுகள் கூர்மையடைந்தன. 'லாகூர் நீலம்' என்றார்! நம் துணைக்கண்டத்து அவுரிச் செடியின் சாயம் இத்தனை தூரம் பயணம் செய்து, ஊர்ப் பெயரையும் இழக்காமல் அங்கே ஒரு கிண்ணத்தில் அமர்ந்திருக்கிறது.

தூரிகையை விரலின் மேல் மெல்லத் தட்டுகிறார். துளிகள் விழுகின்றன. ஒவ்வொரு துளியும் நீரின் மேல் ஒரு வட்டமாக விரிகிறது. வண்ணம் மூழ்காமல் விரிவதற்குக் காரணம் அதில் கலந்துள்ள மாட்டின் பித்தநீர். முதல் வண்ணத்தில் பித்தநீர் குறைவு. அடுத்த வண்ணத்தில் சற்றுக் கூடுதல். கூடுதலாக உள்ளது முந்தியதை நெருக்கி ஒதுக்கி, தனக்கென்று இடம் செய்துகொள்கிறது. நெருக்குகின்றதே தவிர, ஒன்றோடொன்று கலந்து குழம்புவதில்லை. பிறகு ஓர் ஊசியை எடுத்துச் சிவப்பு வட்டத்தினூடே மேலும் கீழுமாக இழுத்தார். கண் இமைப்பதற்குள் அங்கே ஒரு துலிப் மலர் நின்றது. தாளை நீரின் மேல் படுக்க வைத்து, சில நொடிகளில் தட்டின் விளிம்பில் உரசியவாறு இழுத்தெடுத்தபோது மலர் தாளுக்கு வந்துவிட்டது. தட்டில் மறுபடியும் நிறமற்ற நீர். அதே தாளை இன்னொரு முறை செய்ய எவராலும் இயலாது.

துலிப் மலரைத் துருக்கியர் 'லாலே' என்கின்றனர். பழைய எழுத்தில் அதை எழுத லாம், அலிஃப், லாம், ஹே ஆகிய எழுத்துகள் வேண்டும். அல்லாஹ் எனும் திருநாமத்திலுள்ள எழுத்துகளும் அவையே. அப்ஜத் கணக்கில் இரண்டுக்கும் 66. உயிரினங்களின் உருவத்தைத் தவிர்த்த அக்கலைஞர்கள் இம்மலரை ஏன் இத்தனை அன்போடு வரைந்தனர் என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பர்.

இங்கே ஒரு செய்தியை நின்று சொல்ல விரும்புகிறேன். நம் வீடுகளில் ஒரு பிள்ளை கத்தரிக்கோலும் பசையும் வண்ணத்தாளுமாக உட்கார்ந்துவிட்டால், 'ஓதுகின்ற நேரத்தில் இது என்ன வீண் வேலை?' என்று அதட்டுகிறோம். மதரஸாவில் பாடம் நடத்துகிற என் போன்றவர்களின் குரல்தான் அதில் உரத்து ஒலிக்கும். ஆனால் இக்கலையை வளர்த்தவர்கள் யார் தெரியுமா? ஓதிக்கொடுத்தவர்களும் தொழவைத்தவர்களுமே. அயா சோஃபியாவில் குத்பா ஓதிய மெஹ்மத் எஃபெந்தி இக்கலையின் பேராசான்; அவர் வகுத்த வடிவத்திற்கு இன்றுவரை 'ஹத்தீப்' என்றே பெயர். 1773இல் தம் வீட்டில் தீப்பற்றியபோது, தாள்களைக் காப்பாற்றச் சென்று அத்தீயிலேயே அவர் மறைந்தார் என்று கூறுகின்றனர்.

உஸ்குதாரின் சுல்தான்தெப்பே மேட்டில் உஸ்பெக் தர்வேஷ்களின் தைக்கா ஒன்று உள்ளது. புகாரா, சமர்கந்துப் பகுதிகளிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட ஏழைப் பயணிகள் வழியில் தங்கிச் சென்ற இடம் அது. 1904இல் மறைந்த அதன் ஷைக் எத்ஹெம் எஃபெந்தி தச்சு, இயந்திரம், அச்சு எனப் பல தொழில்களில் வல்லவர். எப்ருவும் அவற்றுள் ஒன்று. அவருடைய தந்தையார் இக்கலையைப் புகாராவில் கற்று வந்தவர் என்பர். அவரிடம் பாடம் கேட்ட நெஜ்மெத்தின் ஒக்யாய் (1883–1976) துறைக்கு அருகிலுள்ள யெனி வாலிதே பள்ளிவாசலின் இமாம். அழகெழுத்து எழுதுவார்; மை காய்ச்சுவார்; நூல் கட்டுவார்; வில்வித்தை பயின்றவர்; அவர் வளர்த்த ரோஜாக்கள் ஊரெங்கும் பெயர் பெற்றவை. தாளில் அரபுப் பிசினால் எழுத்தை எழுதி, உலர்ந்தபின் அத்தாளை எப்ருத் தட்டில் இட்டு, பிசின் பட்ட இடத்தில் மட்டும் வண்ணம் ஒட்டாமல் எழுத்து வெண்மையாகத் துலங்கும்படி செய்தவர் அவரே. அவருடைய உறவினரும் மாணவருமான முஸ்தஃபா துஸ்குன்மன் 1990இல் மறைந்தார். அவர் அதே ஊரில் நாட்டு மருந்துக் கடை நடத்தியவர். ஐங்காலத் தொழுகைக்கும் கடை வியாபாரத்திற்கும் இடையில் ஒரு தகரத் தட்டுக்கும் இந்த மனிதர்கள் இடம் வைத்திருந்தார்கள்.

மறுநாள் பாஸ்பரஸ் கரையோரமாக எமிர்கான் என்னும் பகுதிக்குச் சென்றோம். அங்குள்ள சபஞ்சி அருங்காட்சியகத்தில் அழகெழுத்துச் சேகரிப்பு ஒன்று உண்டு. எப்ருத் தாள் தனித்து வாழ்வதற்காகச் செய்யப்பட்டதன்று என்பது எனக்கு அங்கேதான் நன்கு விளங்கிற்று. நடுவில் ஓர் ஆசான் எழுதிய இரண்டு மூன்று வரிகள். அதைச் சுற்றிப் பொற்கோடு. அதற்கு வெளியே எப்ருத் தாள். மூலைகளில் பொன் வேலைப்பாடு. அத்தனையும் சேர்த்து, பல தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்த கெட்டி அட்டையில் பதித்து, விசிறி மடிப்பாக விரியும் ஒரு நூலாக்கியிருக்கிறார்கள். இதற்கு 'முரக்கஃ' என்று பெயர். அரபு அறிந்தவர்களுக்குப் பொருள் உடனே புரியும்: ஒட்டுப்போட்டது. சூஃபியாக்கள் கிழிந்த இடமெல்லாம் துணி வைத்துத் தைத்து அணிந்த அங்கிக்கும் இதே பெயர்தான்.

ஒட்டுப்போட்ட நூல்! வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு நூற்றாண்டுகளில் எழுதப்பட்டுச் சிதறிக் கிடந்த தனித் தாள்கள் இப்படித்தான் தப்பிப் பிழைத்தன. பாரசீக மன்னர் தஹ்மாஸ்பின் தம்பி பஹ்ராம் மிர்ஸாவுக்காக 1544–45இல் தூஸ்த் முஹம்மத் என்ற கலைஞர் தொகுத்த முரக்கஃ தோப்காப்பி நூலகத்தில் இன்றும் உள்ளது. தனித்தனியே விட்டிருந்தால் கரையானுக்கும் காற்றுக்கும் போயிருக்கக்கூடியவை அவை. மாணவர்கள் எழுதிப் பழகிய தாள்களைக்கூட, எழுத்தின் மேல் எழுத்தாகக் கறுத்துப் போனவற்றைக்கூட, அவர்கள் எறியவில்லை. அவற்றுக்கும் பொற்கோடு இட்டு ஒட்டி வைத்தார்கள். வெட்டுகின்ற வேலையிலும் அதே கவனம். 'காத்திஃ' எனப்படும் தாள் வெட்டும் கலையில் ஓர் எழுத்தைத் தாளிலிருந்து நறுக்கி எடுத்து வேறு நிறத் தாளில் ஒட்டுவார்கள். நறுக்கிய பிறகு துளையோடு எஞ்சுகின்ற தாளும் வீணாகாது; அதுவும் இன்னொரு தாளின் மேல் ஒட்டப்பட்டு இன்னொரு படைப்பாகும். முன்னதை ஆண் என்றும் பின்னதைப் பெண் என்றும் சொல்கிறார்கள்.

தாளைப் பக்குவப்படுத்தும் முறையையும் சொல்லிவிடுகிறேன். முட்டை வெண்கருவோடு படிகாரம் சேர்த்துத் தாளின் மேல் பூசி, உலர்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்ப்பார்கள். அத்தாளில் மை உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். பிழை நேர்ந்தால் ஈர விரலால், ஏன், நாவாலும் துடைத்துவிடலாம். துருக்கியர் ஓதிப் படித்தவரை இன்றும் 'மை நக்கியவர்' என்று சொல்வதன் மூலம் இதுதான். மையோ விளக்குப் புகைக் கரி. சுலைமானிய்யா பள்ளிவாசலில் ஆயிரக்கணக்கான விளக்குகளின் புகை வாயிலுக்கு மேலுள்ள ஓர் அறையில் சென்று படியும்படி காற்றோட்டத்தை அமைத்து, அக்கரியை மைக்குப் பயன்படுத்தினர் என்று கூறுகின்றனர். தொழுகைக்கு ஏற்றிய விளக்கு எழுத்துக்கும் உதவிற்று.

இதுவரை சொன்னவை கண்ணுக்குக் குளிர்ச்சி. இனிச் சொல்லப்போவது அப்படியன்று.

சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் கடைத்தெரு ஒன்றில் சட்டமிட்ட சிறிய ஓவியங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. பழுப்பேறிய தாள், சுற்றிலும் அரபு எழுத்து, நடுவே பாய்மரக் கப்பல், ஒட்டகக் கூட்டம், விண்மீன்களை ஆராயும் தலைப்பாகை அணிந்த அறிஞர்கள். 'உதுமானியர் காலத்துச் சித்திரம்' என்றார் கடைக்காரர். ஒன்றைக் கையில் எடுத்தேன். ஓதிய கண் சும்மா இருக்குமா? கப்பலைச் சுற்றியிருந்த எழுத்தை வாசித்தேன். உடன்பிறந்த சகோதரிகளுக்கு வாரிசுரிமையில் என்ன பங்கு என்று பேசிக்கொண்டிருந்தது! ஃபராயிள் சட்ட நூலின் ஏடு அது. கப்பலின் பாய் இரண்டு வரிகளின் மேல் ஏறி அவற்றை மறைத்திருந்தது. எழுத்து பழையது, தாள் பழையது. வண்ணம் மட்டும் நேற்றையது.

பழைய கையெழுத்துக் கிதாபை வாங்குவது, ஏடு ஏடாகக் கிழிப்பது, ஒவ்வோர் ஏட்டிலும் ஒரு படத்தைத் தீட்டுவது, சட்டமிட்டு விற்பது: இதுவே அந்த வியாபாரம். முழுக் கிதாபுக்குக் கிடைக்கும் விலையைவிடக் கிழித்த ஏடுகளுக்குக் கிடைக்கும் விலை அதிகம். இப்படிப்பட்ட படங்கள் மேலைநாட்டுக் காட்சிச்சாலைகளிலும் நூல்களின் அட்டைகளிலும்கூட இடம்பிடித்துவிட்டதாக ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர். கத்தரியும் பசையும் வண்ணமும் முரக்கஃ செய்தவரிடமும் இருந்தன, இவரிடமும் இருக்கின்றன. அவர் சிதறியதைச் சேர்த்தார்; இவர் சேர்ந்திருந்ததைச் சிதறடிக்கிறார்.

கையெழுத்துக் கிதாபுகளில் பக்கத்தின் கீழ் மூலையில் ஒரு சொல் சாய்வாக எழுதப்பட்டிருக்கும். அடுத்த பக்கத்தின் முதல் சொல் அது, தஅகீபா என்பார்கள். பக்க எண் இல்லாத காலத்தில் ஏடுகள் மாறிவிடாமல் காத்தது அச்சொல்தான். நான் எடுத்துப் பார்த்த ஏட்டின் மூலையிலும் அது இருந்தது. அடுத்த ஏடு எந்த ஊரில், எவர் வீட்டு வரவேற்பறையில் தொங்குகிறதோ!

வாசகர்களே! அவர்களைக் குறை சொல்வது எளிது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் பிற ஊர்களிலும், மாடியறைப் பெட்டகங்களில் அரபுத்தமிழ்க் கிதாபுகள் எத்தனை கிடக்கின்றன! கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் 'மகானி'யைப் பாட்டிமார்கள் மடியில் வைத்து ஓதிய வீடுகள் அவை. இன்று அவ்வெழுத்தைக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவர்கள் அருகிவிட்டனர். வீட்டை இடித்துக் கட்டும்போது பெட்டகத்தை மரத்திற்காகவும் பூட்டிற்காகவும் ஒருவர் வாங்கிச் செல்கிறார். உள்ளே இருந்தது மூட்டையாகக் கட்டப்பட்டுப் பழைய காகிதக் கடைக்குப் போகிறது. திருக்குர்ஆன் ஏடு என்றால் அதை என்ன செய்வது என்று ஆலிம்களிடம் கேட்கிறோம். அந்த அச்சம் அல்லாஹ்வின் அருளால் நம்மிடம் இன்னும் இருக்கிறது. கிதாபைப் பற்றி எவரும் கேட்பதில்லை. பொருள்காட்சிக்காகப் பழைய நூலின் ஏடுகளைப் பூவாகவும் பறவையாகவும் வெட்டி ஒட்டும் வேலை சில பள்ளிக்கூடங்களிலும் புகுந்திருக்கிறது. பிள்ளைகள் கைவேலை செய்யட்டும். எந்தத் தாளில் கத்தரியை வைக்கிறார்கள் என்பதைப் பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டாமா?

சரி, வீட்டிலேயே எப்ருத் தாள் செய்ய முடியுமா என்ற கேள்வி உங்களுக்கு எழும். எனக்கும் எழுந்தது. அதில் ஒரு சிக்கல் இருந்தது. நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் பித்தநீரை நஜீஸ் என்கின்றன. உதுமானியர்கள் ஹனஃபிகள், அவர்களுடைய நூல்களில் இதற்கு வேறு விளக்கங்கள் இருக்கின்றன. ஆனால் நம் கிதாபின் அட்டைக்குள் அத்தாளை ஒட்ட என் மனம் ஒப்பவில்லை. விடை நம் நாட்டிலேயே இருந்தது. இக்கலை இந்தியாவுக்கும் வந்ததுதான். 17ஆம் நூற்றாண்டில் பீஜாப்பூர் ஓவியர்கள் எப்ருவையும் கோட்டோவியத்தையும் ஒரே தாளில் இணைத்து வியப்பூட்டும் படைப்புகளைத் தந்தனர். அவற்றில் உயிரினங்களின் உருவங்கள் மிகுதி என்பதால் நான் மேலே பேசவில்லை. இங்கு வழங்கிய பழைய பாரசீகச் செய்முறைகளில் பிசினுக்குப் பதில் வெந்தயமும், பித்தநீருக்குப் பதில் பூந்திக்கொட்டையும் வருகின்றன. இரண்டும் நம் அடுக்களையிலும் குளியலறையிலும் கிடக்கின்ற பொருள்கள்!

ஊர் திரும்பியபின் மதரஸாவின் பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகள் ஒரு விடுமுறை நாளில் முயன்று பார்த்தனர். இரவு ஊறிய வெந்தயத்தைக் காய்ச்சி, மல் துணியில் வடிகட்டிய கொழகொழப்பான நீர் தட்டுக்கு ஆயிற்று. காவிக்கல்லையும் விளக்குக் கரியையும் அம்மியில் நாள் முழுதும் அரைத்தார்கள். முதலில் இட்ட துளிகள் கல்லைப் போல அடியில் போய்த் தங்கின. பூந்திக்கொட்டை ஊறிய நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக்கொண்டே போக, ஏழாவதோ எட்டாவதோ முறை, ஒரு துளி மேலேயே நின்று விரிந்தது. பிள்ளைகளின் கூச்சல் அடுத்த வகுப்புவரை கேட்டது. தாளில் முன்கூட்டியே படிகார நீரைத் தடவி உலர்த்தியிருந்ததால் வண்ணம் கழன்றோடவில்லை.

இஸ்தான்பூலின் துலிப் மலர் எங்கள் தட்டில் மலரவில்லை. காவியும் கறுப்புமாக, மழைக்கு முந்திய வானத்தைப் போல நான்கு தாள்கள் கிடைத்தன. அவற்றுள் நேர்த்தியான இரண்டை, முதுகு விட்டுப் போயிருந்த ஒரு பழைய 'மகானி'க்கு முன்னும் பின்னும் வைத்துக் கட்டக் கொடுத்திருக்கிறோம். அதில் நடுவே ஐந்தாறு ஏடுகள் இல்லை. அதே அச்சுப் பிரதி உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் இருக்குமானால், இல்லாத பக்கங்களைப் படியெடுத்துக்கொள்ள இரவல் தாருங்கள். நலமாகத் திருப்பித் தருவோம், இன்ஷா அல்லாஹ்.